பழைய டிராக்டர் கொதிக்கிறதா? ஹெட்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

தொழி உழவில் (நடவுக்கு முன் சேறடிக்கும் உழவு) நிற்கும் வண்டி திடீரென்று கொதித்தால் மனசு பதறும். வாய்க்காலில் முறைத் தண்ணீர் இன்னும் இரண்டு நாள்தான் வரும், நாற்று பறித்து முடி கட்டியாகிவிட்டது, பக்கத்து வயல்காரரும் வண்டிக்குக் காத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து மீட்டர் முள் சிவப்பைத் தொடும். பதற்றத்தில் செய்யும் இரண்டு காரியங்கள்தான் பெரிய செலவை இழுத்து வருகின்றன. ஒன்று, உடனே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பச்சைத் தண்ணீரை ஊற்றுவது. இன்னொன்று, மறுநாளே ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, கழற்றச் சொல்வது.

இரண்டாவதை நாங்கள் அனுபவித்தோம். மன்னார்குடி பக்கம் எங்கள் வீட்டில் ஓடுவது 35 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர் வண்டி. அப்பா பழையதாக வாங்கியது. ஒரு குறுவை உழவில் கொதித்தது. பட்டறையில் பார்த்ததும் ‘ஹெட் கேஸ்கட்’ (ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்றார்கள். ஹெட் இறங்கியது, அதன் அடிப்பரப்பைச் சமமாகச் சீவி ஃபேஸிங் பிடித்தார்கள், புது கேஸ்கட் போட்டார்கள், நான்கு நாள் போனது. வயலில் இறங்கிய மூன்றாம் மணி நேரம் மறுபடி கொதித்தது. அன்றைக்கு ராத்திரி ரேடியேட்டருக்குப் பின்னால் டார்ச்சை வைத்து அடித்துப் பார்த்தேன். முன்பக்கம் நின்ற தம்பி, “வெளிச்சமே வரலண்ணே” என்றான். வைக்கோல் தூசும் சேறும் சேர்ந்து கோரின் (ரேடியேட்டரில் குழாயும் தகடும் அடுக்கிய பகுதி) நடுப்பாகத்தை அடைபோல மூடியிருந்தது. அதைக் கழுவ ஆன செலவு ஒரு வாளி தண்ணீரும் கொஞ்சம் சோப்புத் தூளும்தான்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசை முக்கியம். காசு செலவில்லாததை முதலில் பார்ப்போம், ஸ்பேனர் தேவைப்படுவதை அடுத்து, ஹெட்டைக் கடைசியில்.

கொதித்த நிமிடத்தில்

முள் சிவப்பை நெருங்குகிறது, ஆனால் ஆவி வரவில்லை, ஃபேன் சுற்றுகிறது என்றால் இன்ஜினைச் சட்டென்று அணைக்காதீர்கள். பிடிஓ-வை (ரோட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுற்றும் தண்டு) விடுவித்து, நியூட்ரலில் போட்டு, ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே ஓட விடுங்கள். தண்ணீர் சுற்றிக்கொண்டே இருந்தால் சூடு தானாக இறங்கும். ஓடும் இன்ஜினைத் திடீரென நிறுத்தினால் ஹெட்டில் நிற்கும் தண்ணீர் அங்கேயே கொதிக்கும்.

ஆவி பீறிடுகிறது, ஹோஸ் கிழிந்துவிட்டது, ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது என்றால் கதை வேறு. உடனே அணைத்துவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் பிஸ்டனைப் பிடிக்க வைக்கும்.

மூடியில் கை வைக்க வேண்டாம். அரை மணி, முக்கால் மணி பொறுங்கள். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவு ஆறிய பிறகு, நனைத்த சாக்கை மூடிமேல் போட்டு, முதல் பள்ளம் வரை மட்டும் திருப்பி, உஸ்ஸென்ற சத்தம் அடங்கும்வரை நில்லுங்கள். முகத்தை விலக்கி வையுங்கள். இதில் கை, முகம் வெந்தவர்களை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றினால் வார்ப்பிரும்பு ஹெட்டில் விரிசல் விழும். ஆறிய பிறகு, ஐடிலில் ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

உண்மையிலேயே சூடாகிறதா?

பழைய வண்டியில் மீட்டரை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. இது இரண்டு பக்கமும் ஏமாற்றும். முள் சிவப்பில் நின்றாலும் இன்ஜின் சரியாக இருக்கலாம். முள் பச்சையில் நின்றாலும் இன்ஜின் வெந்துகொண்டிருக்கலாம், அதுதான் ஆபத்து. தண்ணீர் குறைந்து சென்சார் தண்ணீருக்கு மேலே நின்றுவிட்டால் அது காற்றின் சூட்டைத்தான் காட்டும்.

சென்சாரைக் கழற்றி, வயரோடு கொதிக்கும் தண்ணீரில் நுனியை மட்டும் முக்கிப் பாருங்கள். மின் சென்சாராக இருந்தால் அதன் உடம்பிலிருந்து வண்டியின் இரும்புக்கு ஒரு வயரால் எர்த் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முள் அசையாது. கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி. முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். துப்பாக்கி போன்ற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கையில் இருந்தால் இன்னும் எளிது. தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) இருக்கும் கூட்டின் மேல் அடித்தால் போதும். உழவில் 80 முதல் 95 வரை இருப்பது சாதாரணம்.

எப்போது கொதிக்கிறது?

மெக்கானிக்கிடம் போகும் முன் இந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். பாதி நோய் இதிலேயே தெரிந்துவிடும்.

ஸ்டார்ட் செய்த ஐந்து, பத்து நிமிடத்தில், வேலை எதுவும் கொடுக்காமலே ஏறுகிறது என்றால் தண்ணீர் இல்லை, அல்லது தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கியிருக்கிறது, அல்லது கேஸ்கட் போய்விட்டது. சும்மா ஓடும்போதும் ரோட்டில் வெறும் டிரெய்லர் இழுக்கும்போதும் நன்றாக இருந்து, ரோட்டவேட்டர் போட்டு அரை மணியில் ஏறுகிறது என்றால் பெரும்பாலும் ரேடியேட்டர் அடைப்பு. வெளியே தூசி, அல்லது உள்ளே சுண்ணாம்பு. டீசல் பம்ப்பில் வேலை பார்த்த பிறகுதான் தொடங்கியது என்றால் டைமிங்கை, அதாவது டீசல் பீய்ச்சும் நேரத்தை, சந்தேகப்படுங்கள். தினமும் காலையில் அரை லிட்டர், ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால், அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் முதல் கேள்வி.

காற்றின் வழி

எரிகிற டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் வழியாக ரேடியேட்டருக்கு வந்து, அங்கிருந்து காற்றில் போக வேண்டும். லாரிக்கு ஓட்டத்தில் எதிர்க்காற்று கிடைக்கும். மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் வேகத்தில் சேற்றில் நகரும் டிராக்டருக்கு ஃபேன் மட்டும்தான் கதி.

இருட்டிய பிறகு நான் செய்தது போல டார்ச் வைத்துப் பாருங்கள். முன்வலையைச் சுத்தம் செய்துவிட்டு ரேடியேட்டர் சுத்தம் என்று நினைப்பவர்கள் அதிகம். வலைக்குப் பின்னால், கோரின் தகடுகளுக்கு நடுவில்தான் அடை இருக்கும். கேஜ் வீல் (சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புச் சக்கரம்) வாரி அடிக்கும் சேறும், கசிந்த டீசலில் ஒட்டிய உமியும் காய்ந்தால் சிமெண்ட் மாதிரி ஆகிவிடும். சோப்புத் தூள் கரைத்த தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, ஃபேன் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கிச் சாதாரண ஹோஸ் தண்ணீர் அடியுங்கள். தூசி வந்த வழியே வெளியே போக வேண்டும். முன்பக்கமிருந்து அடித்தால் உள்ளே இன்னும் இறுகும். சர்வீஸ் ஸ்டேஷன் பம்பைக் கிட்டே பிடித்து அடித்தால் தகடுகள் மடங்கி, அடைப்பு நிரந்தரமாகிவிடும்.

பிறகு ஒரு செய்தித்தாள் பக்கத்தை முன்வலைமேல் பிடித்து இன்ஜினை ரைஸ் செய்யுங்கள், அதாவது வேகத்தை ஏற்றுங்கள். தாள் வலையில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நழுவி விழுந்தால் காற்று இழுப்பு போதவில்லை. அப்போது மூன்றைப் பார்க்கலாம்.

பெல்ட்: இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் 10 முதல் 15 மில்லிமீட்டர் இறங்கலாம், அதற்குமேல் தளர்வு. இறுக்கமாக இருந்தும் நழுவலாம். பெல்ட் தேய்ந்து புல்லிப் பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டால் பக்கவாட்டுப் பிடிப்பு போய்விடும். பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னினால் அதுதான் அடையாளம்.

ஃபேன்: கழற்றி மாட்டும்போது முன்பின் மாறிவிட்டால் காற்று அதே திசையில்தான் போகும், ஆனால் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். அதனாலேயே இந்தத் தவறு கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

மூன்றாவது ஃபேனைச் சுற்றியுள்ள தகரக் கூண்டு. பழைய வண்டிகள் பலவற்றில் இது எப்போதோ கழற்றப்பட்டுக் கொட்டகை மூலையில் கிடக்கும். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்திலிருக்கும் சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றும். தேடி எடுத்து மாட்டுங்கள், கிடைக்காவிட்டால் தகரம் வெட்டிச் செய்துகொள்ளுங்கள். நான் பார்த்தவரை, செலவுக்கேற்ற பலன் இதைப் போல வேறெதிலும் இல்லை.

மூடியும் ஹோஸும்

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல, அது ஒரு வால்வு. உள்ளே அழுத்தத்தை வைத்திருப்பதால் தண்ணீரின் கொதிநிலை ஏறுகிறது. ஒரு பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) ஏறினால் சுமார் ஒன்றரை டிகிரி. 7 பிஎஸ்ஐ மூடி என்றால் தண்ணீர் 110 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ரப்பர் வெடித்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ 100 டிகிரியிலேயே கொதித்து வெளியே கொட்டும். மூடியின் மேல் எழுதியிருக்கும் அளவிலேயே புதியது வாங்குங்கள். பலமாக இருக்கட்டும் என்று கார் மூடியைப் போட்டால் பழைய ரேடியேட்டரின் ஈயப் பத்தவைப்பு விட்டுவிடும்.

கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சு பக்கம். வயதான ரப்பர் என்றால் இன்ஜினை ரைஸ் செய்யும்போது உள்ளே ஒட்டிக்கொண்டு தண்ணீரைத் தடுக்கும், ஐடிலுக்கு வந்ததும் பழையபடி விரிந்துகொள்ளும். ஆகவே ரைஸில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சில ஹோஸ்களுக்குள் கம்பிச் சுருள் இருக்கும். புது ஹோஸ் போடும்போது அதை மறக்காமல் மாற்றி வையுங்கள்.

தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

“நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?” என்று கழற்றி வீசிவிடும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு காரணம். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குள் சுற்றிவரும், கொதிப்பு கூடும். கொதிக்காத வண்டியிலும் இன்ஜின் வேலைச் சூட்டுக்கு வர வெகுநேரமாகும். அரைகுறையாக எரிந்த டீசல் லைனரை (சிலிண்டரின் உள்குழாய்) கழுவி ஆயிலில் இறங்கும், லைனரும் ரிங்கும் சீக்கிரம் தேயும்.

சோதிப்பது எளிது. ஒரு பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். அடியைத் தொடக் கூடாது. அதன்மேல் பொறித்திருக்கும் டிகிரியில், பெரும்பாலும் 80 பக்கத்தில், வாய் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிக்கும் முன் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள். மாட்டும்போது மெழுகுக் குமிழ் இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். சின்ன ஆணி ஆடும் துளை இருந்தால் அது மேற்பக்கம் வரட்டும், காற்று வெளியேறும் வழி அதுதான்.

போர் தண்ணீர் வைத்த சுண்ணாம்பு

வீட்டில் போர் தண்ணீர் காய்ச்சும் குண்டானின் அடியைச் சுரண்டிப் பாருங்கள். அந்த வெள்ளைப் படிவுதான் இன்ஜினின் வாட்டர் ஜாக்கெட்டுக்குள்ளும் (சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வழி) இருக்கிறது. இருபது வருஷம் போர் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் குடித்த வண்டியில் சுண்ணாம்போடு துருவும் சேறும் கலந்திருக்கும். இந்தப் படிவம் வெப்பத்தைக் கடத்தாது. வெளியில் ரேடியேட்டர் கண்ணாடிபோல் சுத்தமாக இருந்தும் ஹெட் வெந்துகொண்டிருக்கும்.

வண்டி நன்றாகச் சூடேறியதும் அணைத்துவிட்டு, ஃபேன் நின்ற பிறகு, கோரின் முன்பக்கம் உள்ளங்கையை மெதுவாக ஓட்டுங்கள். மேலிருந்து கீழே சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் சில்லென்று இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. ஆறியதும் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் குழாய்களின் வாயே தெரியும்.

அடுத்து, இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் டிரெயின் காக்கை (தண்ணீர் வடிக்கும் சின்னக் குழாய்) திறங்கள். இதைத் திறந்தே பல வருஷம் ஆகியிருக்கும். தண்ணீர் வராது. அதனால் பிளாக் காலி என்று நினைக்க வேண்டாம், துளையைச் சேறு அடைத்திருக்கிறது. கம்பியை விட்டுக் குத்துங்கள். எங்கள் வண்டியில் முதலில் கருஞ்சிவப்புக் குழம்பு சொட்டு சொட்டாக வந்தது, பிறகு பட்டென்று உடைத்துக்கொண்டு கொட்டியது. பம்பிலிருந்து தள்ளியிருக்கும் கடைசி சிலிண்டரைச் சுற்றித்தான் இந்தச் சேறு அதிகம் தங்கும்.

பச்சைத் தண்ணீரில் அலசுவது முதல் வேலை. தெர்மோஸ்டாட்டையும் இரண்டு ஹோஸையும் கழற்றுங்கள். ரேடியேட்டருக்குக் கீழ் வாயில் ஹோஸ் வைத்து மேலே வரவிடுங்கள். இன்ஜினுக்கு மேல் வாயில் வைத்துக் கீழே வரவிடுங்கள். வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசை. தெளிந்த தண்ணீர் வரும்வரை விடக் கூடாது.

சுண்ணாம்பு அதற்கு மசியாது. சிட்ரிக் ஆசிட் வேண்டும். பத்து லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ கரைத்து ஊற்றி, தெர்மோஸ்டாட் இல்லாமல், ஐடிலில் இருபது முதல் முப்பது நிமிடம் ஓட்டுங்கள். கொதிக்க விட வேண்டாம். சூடாக இருக்கும்போதே கையுறை போட்டுக்கொண்டு வடித்துவிட்டு, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி, ஒரு முறை இரண்டு கைப்பிடி ஆப்ப சோடா கரைத்து ஓட்டி, மறுபடி அலசுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிடை ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. கேட்க வேண்டாம். அது சுண்ணாம்போடு பத்தவைப்பையும் இரும்பையும் அலுமினியத்தையும் சேர்த்தே தின்னும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மிகப் பழைய ரேடியேட்டரில் சில ஓட்டைகளை அந்தச் சுண்ணாம்பே அடைத்துக்கொண்டிருக்கும். சுத்தம் செய்ததும் கசியத் தொடங்கும். அப்படியானால் ரேடியேட்டர் கடையில் டேங்கைப் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டுக் குத்தி, புதிதாகப் பத்தவைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆகவே இந்த வேலையை உழவு தொடங்கும் முதல் நாள் வைத்துக்கொள்ளாதீர்கள். சம்பா அறுவடை முடிந்து வண்டி சும்மா நிற்கும் மாசி, பங்குனிதான் சரியான நேரம்.

திரும்ப நிரப்பும்போது போர் தண்ணீர் வேண்டாம். பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்ட் வாட்டரும் கெட்டிக் கூலன்டும் சரிபாதி, அல்லது நேரடியாக ஊற்றும் கூலன்ட். நம் ஊரில் தண்ணீர் உறையாதே என்று கேட்பார்கள். கூலன்டின் வேலை இங்கே துருவைத் தடுப்பதும் கொதிநிலையை ஏற்றுவதும். வடித்த கூலன்டை மட்டும் கொட்டகை வாசலில் ஊற்றிவிடாதீர்கள். அது இனிக்கும், மாடும் நாயும் நக்கும். அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம்.

நிரப்பும்போது வண்டியின் முகம் மேடாக இருக்கட்டும். மெதுவாக ஊற்றுங்கள். ஹெட்டின் உச்சியில் இருக்கும் சென்சாரைக் கொஞ்சம் தளர்த்தி, காற்று வெளியேறித் தண்ணீர் கசிந்ததும் இறுக்குங்கள். உள்ளே காற்று அடைத்து ஏர் லாக் நின்றால் இவ்வளவு வேலையும் வீண்.

வாட்டர் பம்ப்

பம்பின் அடிவயிற்றில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் சொட்டினால் சீல் போய்விட்டது. துளையை எம்-சீல் வைத்து அடைக்க வேண்டாம், தண்ணீர் பேரிங்குக்குப் போய்விடும். பெல்ட்டைக் கழற்றி ஃபேனை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங். வெளியே எல்லாம் நன்றாக இருந்தும் உள்ளே தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் அரித்துத் தேய்ந்திருக்கலாம், அல்லது தண்டில் வழுக்கலாம். தெர்மோஸ்டாட் கழற்றியிருக்கும்போதே, ஆறிய இன்ஜினில் மூடி திறந்து ரைஸ் செய்தால் மேல் டேங்கில் தண்ணீர் வேகமாகப் புரள்வது தெரிய வேண்டும்.

தண்ணீர் சரி, காற்றும் சரி என்றால்

டீசல் பக்கம் வாருங்கள். டைமிங் பிந்தியிருந்தால் டீசல் கடைசிவரை எரிந்து புகைக்குழாயும் ஹெட்டும் சிவக்கும். முந்தியிருந்தால் தட்டும் சத்தத்தோடு சூடேறும். கரும்புகை தொடர்ந்து வந்தால் டீசலைப் பீய்ச்சும் நாசில் ஒழுகலாம், அல்லது ஏர் கிளீனர் அடைத்திருக்கலாம். ஆயில் பாத் கிளீனரில் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் சேறு எவ்வளவு என்று விரலால் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் ஆயிலின் அளவையும் பாருங்கள். பிஸ்டனின் சூட்டை வாங்குவதில் அதற்கும் பங்குண்டு.

வண்டிக்கு மீறிய சுமையும் ஒரு காரணம். 35 குதிரைத்திறன் வண்டியில் 6 அடி ரோட்டவேட்டரை ஆழமாக இறக்கி ஓட்டினால் எந்த ரேடியேட்டரும் ஈடுகொடுக்காது. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று பின் டிரம்மைத் தொட்டும் பார்த்துவிடுங்கள்.

பழைய ஐஷர் வண்டிகள் பலவற்றில் தண்ணீரே கிடையாது, ஏர் கூல்டு இன்ஜின். அதற்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. சிலிண்டர் தகடுகளுக்கு நடுவில் ஆயிலும் தூசியும், காற்றைச் செலுத்தும் தகர மூடிகள், புளோயர், ஆயில் அளவு, இவற்றை மட்டும் பாருங்கள்.

கடைசியாக ஹெட்

இப்போது கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம், அதையும் கழற்றாமலே. ஆறிய இன்ஜினில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி, மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பம்ப் சுற்றாததால் தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். தொடர்ந்து குமிழி வந்தால் சிலிண்டரின் காற்று தண்ணீருக்குள் நுழைகிறது. இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பார்த்து அணைத்துவிடுங்கள்.

குமிழி வந்தால் எந்த சிலிண்டர் என்றும் கண்டுபிடிக்கலாம். ஐடிலில் ஒவ்வொரு நாசிலின் ஹை-பிரஷர் பைப் நட்டையும் ஒவ்வொன்றாகத் துணி சுற்றித் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தும்போது குமிழி நிற்கிறதோ, குறைகிறதோ அந்த சிலிண்டர்தான். அழுத்தத்தில் பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கை அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள்.

டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் வந்தாலும், வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டாலும் அதே முடிவுதான். ஆயிலில் தண்ணீர் கலந்த வண்டியை ஒரு அடிகூட ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும். ஹெட் இறங்கினால் இரண்டை வற்புறுத்துங்கள். இரும்புப் பட்டையும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவு பார்க்கட்டும், விரிசல் சோதனையும் செய்யட்டும். பூட்டும்போது டார்க் ரெஞ்சில், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையில் இறுக்கட்டும். ஓட்டிச் சூடேற்றிய பிறகு மறு இறுக்கம் கையேட்டில் சொல்லியிருந்தால் அதையும் விடக் கூடாது.

வேலை முடிந்ததும் நேராகத் தொழி உழவுக்கு இறக்காதீர்கள். காய்ந்த நிலத்தில் கொத்துக் கலப்பை மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மீட்டரில் போட்ட கோட்டைப் பாருங்கள். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யும் முன், மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தையும் டிப் ஸ்டிக்கையும் பாருங்கள். இரண்டும் முந்தின நாள் இருந்த இடத்திலேயே இருந்தால், கேஜ் வீலை மாட்டலாம்.